பயிற்சியா, கூலியில்லா வேலையா?

முதுகலைப் பொறியியல் படிக்கும் மாணவர்கள் தொழிற்சாலைக்குள் சென்று சில மாதம் பயில வேண்டும் என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். சர்க்கார் பேசுகிறது. கல்லூரி பேசுகிறது. முதலாளிகளின் சங்கங்களும் பேசுகின்றன. ‘இன்டர்ன்ஷிப்’ என்று அதற்குப் பெயர். நல்ல காரியம்; நாமும் வரவேற்கிறோம். ஆனால் அந்தச் சில மாதம் மாணவன் எங்கே தங்குவான், எதை உண்பான், மெஷினில் கை சிக்கினால் யார் பொறுப்பு என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்று விடுகிறது. அந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்கிறோம்.

வையம்பட்டியை எடுத்துக் கொள்வோம். மழையை நம்பிய மண். மணப்பாறைச் சந்தையையும், கூலி வேலையையும், திருச்சிக்குப் போகும் ரயிலையும் பஸ்ஸையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு மகனோ மகளோ எம்.இ., எம்.டெக். வகுப்பில் கால் வைப்பதென்றால், அது ஒரு தலைமுறையின் உழைப்பு. கடைசிப் படியில் நிற்கும் அந்தப் பிள்ளையிடம், “இரண்டு மாதம் சென்னைக்குப் போ, அல்லது ஓசூருக்குப் போ; ஊதியம் கிடையாது, சான்றிதழ் உண்டு” என்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை போய் வருகிறான். வசதியில்லாத பிள்ளை, ஊருக்குப் பக்கத்தில் பெயருக்கு ஒரு சான்றிதழ் வாங்கிக் கல்லூரியில் கொடுத்து விடுகிறான். மதிப்பெண் இருவருக்கும் வருகிறது. வேலை ஒருவனுக்குத்தான் வருகிறது.

தொழிற்சாலை தூரத்தில்தான் இருக்கிறதா? இல்லை. வையம்பட்டியிலிருந்து திருச்சி சுமார் ஐம்பது கிலோமீட்டர். திருவெறும்பூரில் 1965 முதல் உற்பத்தி செய்து வரும் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை இருக்கிறது. அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. துவாக்குடியில் அந்த ஆலையை நம்பி எழுந்த சிறு பட்டறைகள் வரிசையாக நிற்கின்றன. துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. பொன்மலையில் ரயில்வே பணிமனை இருக்கிறது. மணப்பாறை வட்டத்திலேயே, மொண்டிப்பட்டியில், தமிழ்நாடு காகித நிறுவனத்தின் இரண்டாவது ஆலை 2016 முதல் ஓடுகிறது. 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தோன்றி, 2003-ல் தேசியத் தொழில்நுட்பக் கழகமான கல்வி நிலையமும் துவாக்குடிக்கு அருகில்தான். ஆலையும் இருக்கிறது, கல்லூரியும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏழை மாணவன் நடந்து போகப் பாதைதான் இல்லை.

தொழிற்சாலைப் பயிற்சி வீண் வேலை என்று சிலர் நினைக்கலாம். அது தவறு. கொதிகலன் குழாயைப் பாருங்கள். குரோமியம் கலந்த எஃகைப் பற்றவைக்கும் முன் சூடேற்ற வேண்டும். பற்றவைத்த பின்னும் கணக்காகச் சூடேற்றி, கணக்காக ஆறவிட வேண்டும். தப்பினால் வெடிப்பு விடும். இதைப் புத்தகம் சொல்லும். ஆனால் குறுகிய இடத்தில் உடலை வளைத்து, கண்ணாடிக்குள் பார்த்து, எக்ஸ்ரேயில் குறை தெரியாதபடி முதல் ஓட்டத்தைப் போடுவது எப்படி என்பதை வெல்டர்தான் சொல்வார். பத்தாவது படித்த தொழிலாளி, எம்.டெக். மாணவனுக்கு ஆசிரியராகும் இடம் அது ஒன்றுதான். அங்கே ஒரு மாதம் நின்றவன், நாளை அதிகாரியாக வந்தாலும் தொழிலாளியின் வேர்வைக்கு மரியாதை கொடுப்பான். நாம் பயிற்சியை ஆதரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் தொழிலாளத் தோழர்களுக்கு ‘அப்ரண்டிஸ்’ என்ற சொல் பழகிய சொல். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. 1973-ல் செய்த திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமாக்காரர்களும் அதற்குள் வந்தார்கள். அந்தச் சட்டத்தில் உதவித்தொகை உண்டு. 2019-ல் திருத்திய விதிகள் பட்டதாரி அப்ரண்டிசுக்கு மாதம் 9,000 ரூபாய் என்று அடிமட்டம் வகுத்தன. வேலையில் அடிபட்டால் நிர்வாகம் நஷ்டஈடு தர வேண்டும் என்று 16-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் படிப்பின் நடுவே ஆலைக்குள் வரும் மாணவன் பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் நிழலுக்குள் வருவதில்லை. அதே ஆலை, அதே மெஷின், அதே ஆபத்து. ஒருவனுக்குச் சட்டம் உண்டு. இன்னொருவனுக்குக் கல்லூரி முதல்வரின் கடிதம்தான் உண்டு. இது என்ன நியாயம்?

“அவர்களுக்கு ஸ்காலர்ஷிப் இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது. ‘கேட்’ தேர்வில் தகுதி பெற்று, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேரம் சேர்ந்தவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் வகுத்திருக்கிறது. மாநில நுழைவுத் தேர்வு எழுதி எம்.இ. சேரும் கிராமத்து மாணவனுக்கு அந்தத் தொகை இல்லை. எவனுக்கு மிகவும் தேவையோ, அவன் கைக்கே அது எட்டவில்லை.

மத்திய சர்க்கார் 2024 பட்ஜெட்டில் ஒரு பெரிய திட்டத்தை அறிவித்தது. 500 பெரிய கம்பெனிகள்; ஐந்து ஆண்டில் ஒரு கோடி வாலிபர்கள்; மாதம் 5,000 ரூபாய். அந்த அக்டோபரில் தொடங்கிய முதல் சுற்றின் விதி என்ன சொன்னது? முழுநேரம் படித்துக் கொண்டிருப்பவர் சேர முடியாது. முதுகலைப் பட்டம் பெற்றவரும் சேர முடியாது. ஆக எம்.டெக். மாணவனுக்குப் படிக்கும்போதும் கதவு அடைப்பு, படித்து முடித்த பிறகும் கதவு அடைப்பு. மற்றவர்களுக்காவது பயன்பட்டதா? அந்தச் சுற்றில் கம்பெனிகள் காட்டிய இடங்கள் 1,27,000. போய்ச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 8,700 பேர். இடம் தூரம் என்பதும், காலம் நீளம் என்பதும் சொல்லப்பட்ட காரணங்கள். ஐயாயிரம் ரூபாயில் அயலூரில் ஒரு வருஷம் வாழ முடியுமா என்று, திட்டம் தீட்டியவர்கள் ஒரு தொழிலாளி வீட்டுத் தாயிடம் கேட்டிருந்தால் அப்போதே பதில் கிடைத்திருக்கும்.

இதில் தொழிலாளிக்கும் ஓர் அபாயம் உண்டு. மறைக்க வேண்டியதில்லை. நிரந்தர வேலையைக் காண்டிராக்ட் வேலையாக்கிய முதலாளி, காண்டிராக்ட் வேலையை ‘பயிற்சி’ வேலையாக்கத் தயங்குவானா? படித்த பிள்ளை, கணினி தெரிந்த பிள்ளை, சம்பளம் கேட்காத பிள்ளை என்றால் லாபக் கணக்குக்கு அதைவிட இனிப்பு எது? ஆகவே சில தோழர்கள் மாணவனைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். சந்தேகம் சரி, ஆனால் அது போய்ச் சேர வேண்டிய விலாசம் மாணவன் அல்ல. கூலியில்லாமல் உழைக்க வைக்கப்படுபவன் நமக்குப் போட்டியாளன் அல்ல. நம்மைப் போலவே சுரண்டப்படுபவன். அவனுக்கு உதவித்தொகை கிடைத்தால் அவனும் வாழ்வான். இலவச உழைப்பு என்ற ஆசையும் முதலாளிக்குத் தீரும்.

முடியாததையா கேட்கிறோம்? 1906-லேயே அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக் கழகம் 27 பொறியியல் மாணவர்களைக் கொண்டு இதைத் தொடங்கியது. இருவர் இருவராகச் சேர்த்தார்கள். ஒருவன் வகுப்பில் இருக்கும் வாரம் மற்றவன் பட்டறையில் இருப்பான். அடுத்த வாரம் இடம் மாறுவார்கள். பட்டறையில் செய்த வேலைக்குக் கூலி கொடுத்தார்கள். முதலாளித்துவத்தின் தலைமை நாட்டில் நூறு ஆண்டுக்கு முன் முடிந்தது, இங்கே ஏன் முடியாது?

நம் கோரிக்கைகள் எளியவை. பயிற்சி மாணவனுக்கு, அப்ரண்டிஸ் சட்டம் பட்டதாரிக்குச் சொல்லும் தொகைக்குக் குறையாத உதவித்தொகை வேண்டும். அதில் ஒரு பங்கை சர்க்கார் ஏற்கட்டும். விபத்துக்கு நஷ்டஈட்டுப் பொறுப்பு நிர்வாகத்தைச் சேர வேண்டும். பயிற்சிக்கென்று மாணவனிடமே கட்டணம் வாங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பொதுத்துறை ஆலைகள் சுற்றுவட்டாரக் கிராமத்து மாணவர்களுக்கு ஒரு பங்கு இடம் ஒதுக்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளியின் இடத்திலோ, காண்டிராக்ட் தொழிலாளியின் இடத்திலோ பயிற்சி மாணவனை நிறுத்தக் கூடாது. இதைக் கண்காணிக்கத் தொழிற்சங்கத்துக்கு உரிமை வேண்டும்.

தோழர்களே! உங்கள் ஆலையில் இன்று எத்தனை பயிற்சி மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன கிடைக்கிறது, என்ன வேலை தரப்படுகிறது என்று விசாரியுங்கள். வாயிற் கூட்டங்களில் பேசுங்கள். கிராமக் கிளைகளில் இருப்பவர்கள், ஊரில் எம்.இ. படிக்கும் பிள்ளைகளைக் கண்டு கணக்கெடுங்கள். விவரம் கையில் இருந்தால்தான் கோரிக்கைக்கு வலு.

வையம்பட்டிப் பிள்ளை படித்து வருவது பாட்டாளியின் செலவில். அந்தப் பிள்ளை ஆலை வாசலில் நிற்கும்போது கேட்டைத் திறந்து விடுவது சலுகையல்ல, கடன். அந்தக் கடனை வசூலிக்க வேண்டியவர்கள் நாம்தான்.