பெருந்தடம் வயலிலிருந்து தொடங்கட்டும்

விடியற்காலையில் அரியமங்கலத்தில் தஞ்சாவூர் சாலையோரம் சற்று நேரம் நின்று பாருங்கள். வாழைத்தார், காய்கறி, நெல் மூட்டை என்று சரக்கேற்றிய வண்டிகள் திருச்சிக்குள் வந்தபடி இருக்கும். திருச்சி முதல் நாகப்பட்டினம் வரையிலான பகுதியை ‘வேளாண் தொழில் பெருந்தடம்’ ஆக்குவோம் என்று 2023 மார்ச்சில் தாக்கலான வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. ஐந்து ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய்க்குத் திட்டங்கள் என்றும் சொல்லப்பட்டது. வரவேற்க வேண்டிய அறிவிப்புதான். ஆனால், அந்தப் பணம் எதற்குச் செலவாகிறது என்பதில்தான் விவசாயியின் லாப நட்டம் இருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. காந்தி மார்க்கெட் நெரிசலைக் குறைப்பதற்காக மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாயில் மத்திய வணிக வளாகம் கட்டப்பட்டு, 2017இல் திறக்கப்பட்டது. வியாபாரிகள் போகவில்லை. நகரத்திலிருந்து தூரம், கடைகள் சிறியவை என்பது அவர்கள் வாதம். வாங்குபவர் இல்லாத சந்தைக்கு விவசாயி மட்டும் எப்படிப் போவார்? இப்போது பஞ்சப்பூரில் புதிய சந்தைக்கு ஏற்பாடு நடக்கிறது. கட்டடம் முதலில், கலந்தாலோசனை பிறகு என்ற முறை மாறாவிட்டால் அடுத்த கட்டடமும் காத்துக்கிடக்கும்.

வாழையை எடுத்துக்கொள்வோம். தொட்டியம், முசிறி, லால்குடி, அந்தநல்லூர் பகுதிகளுக்கு அதுதான் உயிர்நாடி. பத்து, பன்னிரண்டு மாதம் காத்து, ஆடிக்காற்றுக்குத் தப்பி, தாரை வெட்டிய பிறகுதான் விவசாயிக்கு உண்மையான சோதனை தொடங்குகிறது. சருகைப் பரப்பித் தாரை அடுக்கி லாரியில் அனுப்புகிறோம். வழியில் உரசி அடிபட்ட காய் பழுக்கும்போது கறுக்கிறது. அந்த நட்டம் கடைசியில் நம் விலையில்தான் கழிகிறது. வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன் எல்லாம் போக மிச்சம் என்ன என்பது தார் விற்ற பிறகுதான் தெரிகிறது.

இதற்குத் தேவை பெரிய மாளிகை அல்ல. தோட்டத்துக்குப் பக்கத்திலேயே தாரைச் சீப்புகளாகப் பிரித்து, பால் வடியவிட்டு, கழுவி, தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் சிறிய சிப்பம் கட்டும் கூடங்கள் போதும். குளிர்பதனக் கிடங்கிலும் கவனம் வேண்டும். 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வாழைக்காய் குளிரால் கெட்டுவிடும். தோல் கறுத்து, சரியாகப் பழுக்காது. எல்லா விளைபொருளுக்கும் பொதுவாக ஒரே அறை கட்டித் திறந்துவைத்தால், அது வாழை விவசாயிக்கு உதவாது.

இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் இல்லை. 1993இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நம் தாயனூரில்தான் இருக்கிறது. வாழை மாவு, தண்டுச் சாறு, நார் என மதிப்புக்கூட்டும் பயிற்சிகளும் தருகிறது. அங்கிருக்கும் நுட்பம் தொட்டியத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கூடத்துக்கு வந்து சேர, மின் இணைப்பு, நடைமுறை மூலதனம், நிலையான கொள்முதல் ஒப்பந்தம் ஆகியவை தேவை. பெருந்தடத்தின் பணம் முதலில் இவற்றுக்குப் போகட்டும்.

இன்னொரு குறையும் தீர வேண்டும். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல அறிவிப்பு வந்தபோது அதில் திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டங்களும் இருந்தன. அதே மாதம் நிறைவேறிய சட்டத்தில் இம்மூன்றும் இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டையின் சில வட்டாரங்களும் மட்டுமே இடம்பெற்றன. உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடும் அரியமங்கலத்தைச் சுற்றி இன்று வீடுகளும் பட்டறைகளும்தான் கண்ணில் படுகின்றன. விளைச்சலைப் பதப்படுத்தத் தொழிற்சாலை வரும்போது விளையும் நிலம் மனைகளாகியிருந்தால் யாருக்கு லாபம்? தொழில் தடத்தில் இடம் தரும் அரசு, நிலத்துக்குப் பாதுகாப்பும் தர வேண்டும்.

நாமும் சும்மா இருக்கக் கூடாது. மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுத்துமூலம் கேட்போம். பெருந்தடத் திட்டத்தில் நம் வட்டாரத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு? செலவானது எவ்வளவு? இடம் தேர்வு செய்யும் குழுவில் விவசாயிகள் எத்தனை பேர்? வேளாண், தோட்டக்கலை, வேளாண் வணிகத் துறை அலுவலர்களும் இந்த விவரங்களைக் கிராம சபையில் வாசித்துக் காட்டலாம்.

திட்டத்தின் வெற்றியை எத்தனை கட்டடம் திறந்தோம் என்று கணக்கிட வேண்டாம். தார் வெட்டிய விவசாயியின் கையில், செலவு போக முன்பைவிட எவ்வளவு கூடுதலாக நிற்கிறது என்று கணக்கிட்டால் போதும்.