"உள்ளே போய்ப் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம். சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டு டீக்கடையில் எங்கள் தெருப் பையன்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்று ராத்திரி பக்கத்து ஊரில் கபடிப் போட்டி. எதிர் டீமைப் பற்றித்தான் பேச்சு.

"தாத்தா, அவனுங்க ரைடர் செம ஆளு. ஒரே ரெய்டுல நாலு பேர தூக்கிட்டு வந்தான்" என்றான் ஒருவன். போனில் வீடியோவும் காட்டினான். நன்றாகத்தான் ஆடுகிறான் அந்தப் பையன், குறை சொல்ல முடியாது.

"சரிடா, அவனுங்க லெஃப்ட் கார்னர்ல நிக்கறவன் யாரு?" என்று கேட்டேன்.

ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. கவரில் யார், எந்தப் பக்கம் கை பலம், எவன் செயின் போடுகிறான், ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் என் தம்பி பேரன், "அதெல்லாம் உள்ள போயி பாத்துக்கலாம் தாத்தா, நீங்க டீ குடிங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ராத்திரி பதினொன்றரைக்கு ஆட்டம். சிரித்த பேரன்தான் முதல் ரெய்டு போனான். லெஃப்ட் கார்னர் பிடித்தான். உயிர் பெற்று வந்து மறுபடி போனான், மறுபடி அவனே பிடித்தான். மூன்றாவது தடவையும் அதே ஆள், அதே கணுக்கால், அதே இடம். முட்டி வீங்கி, இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு வெளியே வந்தான். உள்ளே போய்ப் பார்த்தது அவ்வளவுதான்.

இந்த "உள்ளே போய்ப் பார்த்துக்கலாம்" என்ற பேச்சின் மேல்தான் எனக்குக் கோபம். வயதானவன் புலம்புகிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

கபடியில் உள்ளே போய்ப் பார்க்க நேரம் ஏது? ரெய்டுக்கு 30 விநாடி. களம் 13 மீட்டர் நீளம், நம் பக்கம் போக எதிராளிக்கு ஆறரை மீட்டர். அகலம் பத்து, அதுவும் இரண்டு பக்கத்து லாபியையும் சேர்த்து. அந்தப் பொட்டு இடத்தில் ஏழு பேருக்கு நடுவே ஒற்றை ஆளாக, மூச்சை விடாமல் போகிறவன், யார் எப்படிப் பிடிப்பான் என்று அங்கேதான் ஆராய்ச்சி பண்ண வேண்டுமா?

எங்கள் காலத்தில் சடுகுடு என்போம். பாடிப் போகிறவன், பிடிக்கிறவன் என்று இரண்டே ஜாதி ஆட்டக்காரன். நான் பிடிக்கிற ஜாதி. எங்கள் டீமுக்குப் பெரியப்பா முறையில் ஒருவர் இருந்தார். அவர் களத்தில் இறங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், விதைநெல் கேட்கிற சாக்கில் எதிர் ஊருக்கு இரண்டு பேரை அனுப்பிவிடுவார். ஒரு தடவை வீராணம் ஏரிக்கரை ஊர் ஒன்றுக்கு நானும் போனேன். கரை மேல் உட்கார்ந்து அவர்கள் பழகுவதைப் பார்த்தோம். திரும்பி வந்ததும் பெரியப்பா கேட்ட கேள்விகள் இன்னும் நினைவிருக்கிறது. மூலையில் நிற்பவன் முன்னால் வைக்கிற கால் எது? பாடி வருகிறவன் உள்ளே வரும்போதே பாய்கிறானா, திரும்புகிற வரை பொறுக்கிறானா? அவன் பிடித்ததும் பக்கத்து ஆள் உடனே வந்து விழுகிறானா, யோசித்துவிட்டு வருகிறானா? பிடி தவறினால் யார் யாரைத் திட்டுகிறான்?

கடைசிக் கேள்வி எதற்கு என்று அன்று எனக்கு விளங்கவில்லை. திட்டு வாங்குகிறவன் அடுத்த தடவை பயந்து முந்துவான், அவனைத்தான் சீண்ட வேண்டும் என்றார். அப்படியே நடந்தது. அந்த ஆட்டம் ஜெயித்தோம். விதைநெல்லும் உண்மையாகவே வாங்கி வந்தோம், அது வேறு கதை.

இப்படி நோட்டம் பார்ப்பது கோழைத்தனம், ஆம்பளையாக இறங்கி ஆடணும் என்று மீசை முறுக்குகிற பெரியவர்கள் நம்மிலும் உண்டு. என் வயதுக்காரர்களே சொல்கிறார்கள். அவர்களைக் கேட்கிறேன்: வெள்ளாற்றில் தண்ணீர் போகும்போது ஆழம் பார்க்காமல் உங்கள் பேரனை இறங்கச் சொல்வீர்களா?

பையன்களோ, இப்போதுதான் யூடியூப் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கேமரா முழுக்க ரைடர் பின்னாலேயே ஓடுகிறது. தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டிக் குதிக்கிறதை நாலு தடவை மெதுவாக ஓட்டுகிறார்கள். பிடிக்கிறவன் அதற்கு முன் இருபது விநாடி எப்படிக் காத்திருந்தான் என்பதை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். சினிமாவும் இதே கூத்துதான். 'கில்லி'யில் ஆரம்பித்து இன்று வரை, ஜெயிக்க வைப்பவன் பாடிப் போகிறவனே. ஒரு கார்னர்காரனைக் கதாநாயகனாக வைத்து யாராவது படம் எடுத்தால் முதல் நாள் டிக்கெட் நான் வாங்குகிறேன்.

பெரிய ஆட்டத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். 2017 அக்டோபரில் புரோ கபடி இறுதி ஆட்டம் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. குஜராத் அணியின் இரண்டு மூலைகளிலும் ஈரான்காரர்கள், பாசல் அத்ராசலியும் அபோசர் மிகானியும். அந்த வருடம் பேர் வாங்கிய தடுப்பு அது. எதிரே பாட்னாவின் பர்தீப் நர்வால். அன்று பாட்னா 55-38 என்று ஜெயித்தது. நர்வால் மட்டும் 19 புள்ளி.

பத்து மாதம் கழித்து, 2018 ஆகஸ்டில், ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதி. ஈரானுக்காக அதே அத்ராசலி, அதே மிகானி. இந்திய அணியில் அதே நர்வால். கூடவே அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி என்று ரைடர்களுக்குப் பஞ்சமே இல்லை. 1990 முதல் 2014 வரை ஏழு ஆசிய விளையாட்டிலும் தங்கம் நம்மிடமே இருந்தது. முடிவு? 18-27. இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாகத் தங்கம் கைவிட்டுப் போனது.

ரைடர் ஒருவனே ஆட்டத்தை முடிவு செய்வான் என்றால் இந்த இரண்டு கணக்கும் எப்படி ஒத்துப் போகும்? என் எண்ணத்தைச் சொல்கிறேன். ஈரான்காரர்கள் நம் லீக்கிலேயே வருடக்கணக்காக ஆடி, நம் ரைடர் ஒவ்வொருவனும் எங்கே கால் வைப்பான் என்று பாடம் பண்ணிக்கொண்டு வந்தார்கள். நாமும் அவர்களை அதே லீக்கில்தான் பார்த்தோம். பார்த்தது போதும், நம் ஆட்டம் இது, உள்ளே போய்ப் பார்த்துக்கலாம் என்று இறங்கினோம். டீக்கடையில் என் பேரன் சொன்ன அதே வார்த்தை!

பிடிக்கிறவனின் அருமை தெரிய ஈரானுக்குப் போக வேண்டியதும் இல்லை. தஞ்சை மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன் மூலையில் நின்று ஆடியவர்தான். 2016-ல் நாற்பது வயது தாண்டிய பிறகு பாட்னா அணிக்குத் தலைவராக இருந்து கோப்பை வாங்கினார். அதே வருடம் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். நாற்பது வயதில் கால் வேகத்தை நம்பியா ஆடியிருப்பார்? கண்ணை நம்பி ஆடியவர். நம் பையன்களில் எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

இனி சொல்லப் போவது மனசுக்குக் கஷ்டமானது. 2022 ஜூலையில் பண்ருட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ரெய்டு போன பையன் ஒருவன் பிடியில் விழுந்து, எழுந்திருக்க முயன்று, களத்திலேயே சாய்ந்து இறந்து போனான். நம் மாவட்டத்துப் பிள்ளை. அந்த வீடியோவை ஊரே பார்த்தது, நான் ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை. எதிராளியை முன்கூட்டி எடை போட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று சொல்ல எனக்கு வாயில்லை. யார் மேலும் பழி போடவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகும் நம் போட்டிகள் எப்படி நடக்கின்றன?

சீனியர் ஆண்களுக்கு 85 கிலோ எடை வரம்பு என்று விதி இருக்கிறது. நம் பக்கத்துப் பொங்கல் போட்டிகளில் எடை மெஷினை யாராவது கண்டதுண்டா? ஊர் டீம் என்று பேர் கொடுத்துவிட்டு, நள்ளிரவில் வெளியூரிலிருந்து இரண்டு ஆட்களை வேனில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். தொண்ணூறு கிலோ ஆளை மூலையில் நிறுத்துகிறார்கள். ஐம்பத்தைந்து கிலோப் பையன் பாடிப் போகிறான், அவன் எதிரே நிற்பவன் யார் என்று மைக்கில் பேர் சொல்கிற வரை அவனுக்கே தெரியாது. நோட்டம் பார்க்கவே வழியில்லாமல் பண்ணிவிட்டு, பையன்கள் நோட்டம் பார்ப்பதில்லை என்று நான் திட்டி என்ன பிரயோசனம் என்றும் சில சமயம் தோன்றுகிறது.

ஆகவே விழாக் குழுவினரிடம் கேட்டேன். முதல் நாளே ஒவ்வொரு டீமும் பன்னிரண்டு பேர் பட்டியல் கொடுக்கட்டும். எடை போட்டு, எவன் எந்த இடத்தில் ஆடுகிறவன் என்று எழுதி மேடைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பையன்கள் படித்துவிட்டு இறங்கட்டும். இதற்குச் செலவு ஒரு சார்ட் பேப்பர்.

"பெரியவரே, லிஸ்ட் ஒட்டிட்டா வெளியாள எப்படி இறக்கறது? அப்புறம் கூட்டம் எப்படி வரும்?" என்றார் ஒருவர். ஒளிக்காமல் பேசினார், அந்த மட்டும் சந்தோஷம்.

போன வாரம் அடுத்த போட்டிக்கு நன்கொடை நோட்டு வந்தது. வருடா வருடம் ஐந்நூறு எழுதுகிறவன். பட்டியல் ஒட்டிய அன்றைக்கு ஆயிரமாகவே தருகிறேன் என்று சொல்லி, நோட்டில் பேரை மட்டும் எழுதி, தொகைக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தனுப்பிவிட்டேன்.