விற்கும் நாளோடு முடிந்துவிடும் தரம்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில் சென்னீர்குப்பத்தைக் கடக்கும்போது கண்ணில் படும் ஜெராக்ஸ் கடை, கணினிப் பயிற்சி மையம், லாரி புக்கிங் அலுவலகம், சிறு பட்டறை என எதற்குள் நுழைந்தாலும் மேசைமேல் ஒரு மானிட்டர் இருக்கும். அதைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் உள்ளங்கையளவு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். அதில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை, ஐ.எஸ். 13252 என்ற எண், ‘ஆர்’ என்ற எழுத்தை அடுத்து எட்டு இலக்கங்கள், குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் ஆகியவை இருக்கும். மின்சாரத்தால் ஆபத்து வராது என்று முதல் மூன்றும் உறுதி சொல்கின்றன. இதைக் குப்பையில் போடாதே என்கிறது அந்தப் படம். முதல் உறுதியைக் காக்க ஓரளவு ஏற்பாடு இருக்கிறது. இரண்டாவதைக் காக்க, புறநகரின் தெருக்களில் அநேகமாக எதுவும் இல்லை.

முதல் உறுதி வந்த கதை சுருக்கமானது. மின்னணு, தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு ஆணையை மத்திய அரசு 2012-ல் பிறப்பித்தது; அது 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. முதலில் 32 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பெரிய திரைகள்தான் பட்டியலில் இருந்தன. அலுவலக மேசையில் இருக்கும் சிறிய திரைகள் பிற்பாடுதான் சேர்க்கப்பட்டன. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் ஒரு மாதிரியைச் சோதித்து, மின் அதிர்ச்சி, அதிகச் சூடு, தீ ஆகியவற்றுக்கு எதிரான காப்பு சரியாக இருந்தால் அந்த மாடலுக்குப் பதிவு எண் கிடைக்கும். கையில் செல்பேசி உள்ள எவரும் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைத் தட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். பாராட்டத்தக்க ஏற்பாடு இது.

ஆனால், ஆய்வகத்தில் தேறிய மானிட்டர் புறநகருக்கு வந்து சேரும்போது அதன் சூழல் மாறிவிடுகிறது. வாடகைக் கட்டடத்துச் சுவரில் மூன்று முனை பிளக் பாயிண்ட் இருக்கும். அதன் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் கம்பி இருக்காது. அல்லது, மூன்று முனைப் பிளக்கில் ஒரு முனையை ஒடித்துவிட்டு இரு முனை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருப்பார்கள். மானிட்டரின் உலோகப் பாகத்தைத் தொட்டால் விரல் நுனியில் மெல்லிய விறுவிறுப்பு ஓடும். “லேசா ஷாக் அடிக்குது, பழகிடுச்சு” என்பார் அங்கு வேலை செய்யும் பெண். மின்வழங்கிப் பலகையில் உள்ள வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள், எர்த் வழியாக வெளியேற வேண்டிய நுண்ணிய கசிவு மின்சாரத்தை உலோகச் சட்டத்துக்குக் கடத்துவதால் வருவது அது. அந்தக் கசிவு உயிரை எடுக்காது. ஆனால் உள்ளே காப்பு பழுதாகி முழு மின்னழுத்தமும் சட்டத்துக்கு வரும் ஒருநாளில் காப்பாற்ற வேண்டிய கம்பி அங்கே இல்லை. எர்த் தேவைப்படும் கருவியை எர்த் இருக்கிறது என்று நம்பித்தான் தரநிலையும் சோதிக்கிறது.

அடாப்டரின் கதை இன்னும் மோசம். இப்போதைய மானிட்டர்கள் பலவற்றில் வீட்டு மின்சாரம் மானிட்டருக்குள் போவதே இல்லை. வெளியே கிடக்கும் அடாப்டர்தான் அதை 12 அல்லது 19 வோல்ட்டாகக் குறைத்து அனுப்புகிறது. ஆபத்து முழுவதும் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது. 230 வோல்ட் ஓடும் பக்கத்துக்கும் நம் கைபடும் பக்கத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டாக வேண்டும் என்பது விதி. அசல் அடாப்டர் பழுதானதும் பாதி விலைக்கு வாங்கி மாட்டும் போலியில் முதலில் மிச்சம் பிடிக்கப்படுவது இந்த இடைவெளிதான். அடாப்டருக்கும் தனியாகக் கட்டாயப் பதிவு உண்டு. மானிட்டர் வாங்கும்போது நான்கு கடை ஏறி விசாரிப்பவர்கள், அடாப்டரின் பின்னால் அந்த எட்டு இலக்க எண் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தால் போதும்.

பழுதுபார்ப்பவர்களை இதில் குற்றம் சொல்வது சரியல்ல. உப்பிப்போன கெப்பாசிட்டர் ஒன்றை மாற்றி ஒரு மானிட்டரை இன்னும் நான்கு வருடம் ஓட வைக்கும் மெக்கானிக், சுற்றுச்சூழலுக்குச் செய்யும் நன்மையை எந்த ஸ்டிக்கரும் செய்வதில்லை. அவருக்குத் தேவை நல்ல உதிரிபாகமும் சுற்று வரைபடமும். இரண்டையும் தயாரிப்பாளர்கள் தருவதில்லை.

இனி, அந்தக் குறுக்குக்கோட்டுக் குப்பைத்தொட்டிக்கு வருவோம்.

மின்னணுப் பொருட்களில் ஈயம், பாதரசம், ஆறு இணைதிறன் குரோமியம், இருவகை புரோமின் தீத்தடுப்பான்கள் ஆகியவை எடையில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, காட்மியம் 0.01 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. 2011-ல் வந்த மின்கழிவு விதிகளிலேயே இந்த வரம்பு இருந்தது. 2014 மே மாதம் முதல் அமலில் இருக்கிறது. ஆனால் விதியோடு ஒரு விலக்குப் பட்டியலும் உண்டு. பழைய டியூப் திரையின் கண்ணாடியில் உள்ள ஈயத்துக்கு விலக்கு. எல்.சி.டி. திரையின் பின்னொளி விளக்குகளில் சிறிய விளக்கு ஒன்றுக்கு 3.5 மில்லிகிராம் வரை பாதரசத்துக்கும் விலக்கு. அந்தக் காலத்துத் தொழில்நுட்பத்தில் வேறு வழி இல்லை என்பதால் தரப்பட்ட விலக்குகள் அவை, அதில் தவறில்லை. ஆனால் அப்படி விலக்குப் பெற்று வீடுகளுக்குள் வந்த பொருள், வெளியேறும்போது எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில், 2011-ல் ஆட்சி மாறும்வரை ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான 14 அங்குலப் பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. கணினி மானிட்டரில் இருந்த அதே வகை டியூப்தான் அவற்றிலும் இருந்தது. ஏழை வீட்டுக்கு உலகத்தைக் கொண்டுவந்த திட்டம் அது. அதன் நோக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவற்றைக் கொள்முதல் செய்தது தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட். எல்காட் இருப்பது தகவல் தொழில்நுட்பத் துறையின் கீழ். நாடு தழுவிய விதிகள் வருவதற்கு ஓராண்டு முன்பே, 2010-ல், தமிழ்நாட்டுக்கென மின்கழிவுக் கொள்கையை வெளியிட்டதும் அதே துறைதான். பெட்டிகளைக் கொடுத்த கைக்கே அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பும் தெரிந்திருந்தது. ஆனாலும் கொடுத்த பெட்டிகளைத் திரும்பப் பெற ஒரு திட்டம் வரவில்லை.

அவற்றில் எவ்வளவு ஈயம்? ஒரு டியூபுக்கு அரை கிலோ என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒன்றரைக் கோடிக்கு 7,500 டன் ஆகிறது. கண்ணாடி முழுதாக இருக்கும்வரை அந்த ஈயம் அதற்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். உடைந்து தூளாகி, குப்பைமேட்டின் புளித்த நீரில் ஊறும்போதுதான் வெளியே வரும். ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனை முடிவு இதற்குச் சான்று. குப்பைக்கிடங்குச் சூழலைப் போன்ற அமிலக் கரைசலில் டியூப் கண்ணாடியை ஊறவைத்தபோது, லிட்டருக்குச் சராசரியாக 18.5 மில்லிகிராம் ஈயம் கரைந்தது. அமெரிக்கா அதை அபாயக் கழிவு என்று அறிவிக்கும் வரம்பு 5 மில்லிகிராம். குழந்தையின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு.

நடப்பது என்ன? காயலான் கடைக்கு வரும் பழைய மானிட்டரின் மூடியைக் கழற்றினால் டியூபின் கழுத்தில் செம்புக் கம்பி சுற்றிய யோக் தெரியும். அதுதான் காசு. ஒரு தட்டு தட்டினால் கழுத்து முறியும். வெற்றிடத்துக்குள் காற்று சீறிக்கொண்டு புகும். யோக் தனியே, அலுமினியம் தனியே, போர்டு தனியே, இரும்புப் பட்டை தனியே என்று பிரிந்து எடைக்குப் போய்விடும். மிஞ்சுவது ஐந்தாறு கிலோ கண்ணாடி. உள்பக்கம் ஒளிரும் பொடி பூசிய கண்ணாடி. அதை வாங்க ஆளில்லை. ஆளில்லாத பொருள் இரவோடு இரவாகக் காலிமனைக்கும் பள்ளத்துக்கும் கால்வாய்க்கும்தான் போகும். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே பருத்திப்பட்டில் கூவம் குறுக்கே ஓடுகிறது. தென்மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்குக் குடிநீர் தருகிறது. சுற்றியுள்ள குடியிருப்புகளில் போர்வெல் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் ஏராளம். கண்ணாடியைக் கொட்ட இதைவிடத் தகாத நிலம் கிடைக்காது.

ஒருகாலத்தில் இந்தக் கண்ணாடிக்கு வாங்குவோர் இருந்தார்கள். பழைய டியூப் கண்ணாடியை உருக்கிப் புது டியூப் செய்தார்கள். குஜராத்தின் பரூச்சில் வீடியோகான் நடத்திய உலைக்கு அமெரிக்காவிலிருந்துகூடக் கண்ணாடி கப்பலேறி வந்தது. டியூப் தயாரிப்பு நின்றதும் அந்த வழி அடைபட்டது. வீடியோகானே 2018-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. இன்று ஈய உருக்காலைகள் போன்ற சில இடங்களே மிச்சம். அங்கே அனுப்பினால் பணம் வராது, செலவுதான் ஆகும்.

இங்கேதான் இப்போதைய விதியின் ஓட்டை இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள், 106 வகைப் பொருட்களைத் தயாரிப்பவர்கள் குறிப்பிட்ட விழுக்காட்டை மறுசுழற்சி செய்ததற்கான சான்றிதழ்களை வாங்கிக் காட்ட வேண்டும் என்கின்றன. முதல் ஈராண்டுகளுக்கு 60 விழுக்காடு, அடுத்த ஈராண்டுகளுக்கு 70, பிறகு 80. இலக்கு நல்ல இலக்கு. ஆனால் சான்றிதழ் எதற்குக் கிடைக்கிறது? மீட்டெடுத்த தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என்னும் நான்கு உலோகங்களின் கணக்குக்கு. காயலான் கடைக்காரர் யாரும் சொல்லாமலே பொறுக்கி எடுப்பதும் இவற்றைத்தான். சந்தை தானாகவே மதிக்கும் பொருளுக்கே அரசும் மதிப்பெண் போடுகிறது. சந்தை தூக்கி எறியும் ஈயக் கண்ணாடிக்கும் பாதரச விளக்குக்கும் மதிப்பெண் இல்லை. நுகர்வோர் மின்னணுப் பொருட்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாயாவது மறுசுழற்சியாளருக்குத் தர வேண்டும் என்று குறைந்தபட்ச விலை வைத்ததை எதிர்த்துப் பெரிய நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றன. அந்த வழக்கில் விலையைப் பற்றித்தான் சண்டை. எந்தப் பாகத்துக்கு அந்த விலை என்பதல்லவா முதலில் தீர வேண்டியது?

டியூப் ஒழிந்துவருகிறதே, இந்தக் கவலை பழசல்லவா என்று கேட்கலாம். அலுவலகங்கள் கழித்துக்கட்டும் 17, 19 அங்குல எல்.சி.டி.களில் கணிசமானவை எல்.இ.டி. பின்னொளி வருவதற்கு முந்தியவை. அவற்றின் ஓரங்களில் பென்சிலைவிட மெல்லிய பாதரச விளக்குகள் இருக்கின்றன. பிரிக்கும்போது பட்டென உடையும், பாதரச ஆவி பிரிப்பவரின் மூச்சில் போகும். உலகளவில் 2022-ல் உருவான 6.2 கோடி டன் மின்கழிவில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போனது 22.3 விழுக்காடுதான் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை.

இந்தத் துறையில் தரம் எப்படி உயர்ந்தது என்பதையும் நினைவுபடுத்த வேண்டும். திரைகளுக்கான கண்டிப்பான தரமுத்திரையை முதலில் கொண்டுவந்தது அரசோ தயாரிப்பாளரோ அல்ல. சுவீடனின் அலுவலக ஊழியர் தொழிற்சங்கக் கூட்டமைப்பான டி.சி.ஓ.தான். நாள் முழுக்கத் திரைமுன் உட்கார்ந்த ஊழியர்களின் புகார்களிலிருந்து 1992-ல் பிறந்தது டி.சி.ஓ. 92. அரசின் வழிகாட்டல் அரை மீட்டர் தூரத்தில் அளந்த மின்புலத்தை அது 30 சென்டிமீட்டரில் அளக்கச் சொன்னது. வேலை நின்றதும் திரை தானே மின்செலவைக் குறைக்க வேண்டும் என்றது. அந்த மின்புலங்களால் உடலுக்குக் கேடு என்பது பின்னாளிலும் உறுதியாக நிறுவப்படவில்லை. ஆனால் முத்திரை இல்லாத மானிட்டரை வாங்க மாட்டோம் என்று அலுவலகங்கள் நின்றபோது உலகத் தயாரிப்பாளர்கள் வழிக்கு வந்தார்கள். சென்னைக்கு வந்த பழைய மானிட்டர்களின் முகப்பிலும் அந்த முத்திரை இருந்தது. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பழைய கொட்டகைகள் நின்ற மனைகளில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பி, இரவு பகலாக ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திரைமுன் உட்காருகிறார்கள். அவர்கள் சார்பில் அப்படி ஒரு கோரிக்கை இன்னும் எழவில்லை.

வாங்குபவரின் பலம் தமிழ்நாட்டில் அரசிடம் இருக்கிறது. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கணினி அல்லது மடிக்கணினி தரப்போவதாக 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. அத்தனையும் திரைகள். கொள்முதல் ஒப்பந்தத்திலேயே பழுதுக்கான உதிரிபாகம் ஏழெட்டு ஆண்டுகளுக்குக் கிடைக்க வேண்டும், ஆயுள் முடிந்ததும் நிறுவனமே வட்டந்தோறும் திரும்பப் பெற வேண்டும், அதற்கான வைப்புத்தொகை அரசிடம் இருக்க வேண்டும் என்று எழுதுவதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை.

பழைய டியூபுகளுக்கு வேறு வழி வேண்டும். தயாரித்தவர் யாரென்று தெரியாத பொருட்களைச் சேகரித்து அனுப்பும் கடமை உள்ளாட்சிகளுக்கு ஏற்கெனவே தரப்பட்டிருக்கிறது. முறியாத டியூப் ஒன்றைக் கொண்டுவரும் காயலான் கடைக்காரருக்கு, அதிலுள்ள செம்பின் விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். அவர் கழுத்தை முறிக்க மாட்டார். அவரைத் துரத்தினால் அதே வேலை இருட்டில் நடக்கும். பூந்தமல்லி, திருவேற்காடு, ஆவடி வட்டாரத்துக்கு ஒரு சேகரிப்பு மையம் போதும். அதற்கான பணம் தயாரிப்பாளர்களின் சான்றிதழ் நிதியிலிருந்து வரலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் இணையவழிக் கணக்கில் ஒரு கட்டத்தைச் சேர்த்தால் அது சாத்தியமாகும்: டியூப் திரையிலிருந்து செம்பு எடுத்ததாகச் சான்றிதழ் கேட்கும் மறுசுழற்சியாளர், அதோடு வந்த கண்ணாடி எத்தனை கிலோ, அது எந்த உலைக்குப் போனது என்பதற்கு ரசீது காட்ட வேண்டும். ரசீது இல்லையென்றால் செம்புக்கும் சான்றிதழ் இல்லை.