ஆவுளியாவின் குடலும் கண்ணாடித் தொட்டியும்

தமிழ்நாட்டின் மனோராவில் சர்வதேசக் கடற்பசுப் பாதுகாப்பு மையம் வரப்போகிறது என்ற அறிவிப்போடு, "இரண்டு ஆவுளியாவைத் தொட்டியில் விட்டால் சுற்றுலாவும் வளருமே" என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பை 2022இல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்த மாநிலத்தில் இப்படியொரு யோசனை எழுவதே வேதனை.

ஆவுளியா என்னும் கடற்பசு உயிர்வாழ்வது குடலின் தயவில். அதன் பெருங்குடல் 25 மீட்டர் வரை நீளும். தின்ற கடற்புல் ஆறேழு நாள் உள்ளே கிடந்து புளிக்கும். நாரை உடைத்துச் சத்தாக்கித் தருபவை அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள். ஆஸ்திரேலியாவின் மோர்ட்டன் விரிகுடாவில் மேயும் ஆவுளியாக்களையும், தொட்டியில் வளர்ந்தவற்றையும் 2012இல் வெளியான ஓர் ஆய்வு ஒப்பிட்டது. இரண்டின் குடல் நுண்ணுயிர்க் கூட்டங்களும் வேறுவேறாக இருந்தன. கடலில் கடற்புல், தொட்டியில் லெட்டூஸ் கீரை. தீனி மாறியதும் குடலின் குடிகளும் மாறிவிட்டன.

இந்த லெட்டூஸ் கணக்கை ஃப்ளோரிடாவிடம் கேட்க வேண்டும். கழிவுநீரும் உரமும் கலந்து பாசி மண்டியதில், அங்குள்ள இந்தியன் ரிவர் காயலில் கடற்புல் வெளிச்சமின்றி மடிந்தது. 2021இல் அம்மாநிலத்தில் ஏறக்குறைய 1,100 மனாட்டிகள் செத்தன. ஆவுளியாவுக்குப் பங்காளி உறவு அவை. அதையடுத்த குளிர்காலத்தில் மட்டும், பசித்த மனாட்டிகளுக்கு 90 டன்னுக்கு மேல் லெட்டூஸ் கொட்டினார்கள். தொண்ணூறு டன்! ஓர் ஆவுளியா நாளொன்றுக்கு 40 கிலோ வரை கடற்புல் மேயும். கடல் காசு வாங்காமல் போடும் அந்தச் சோற்றுக்கு லாரி லாரியாய்க் கீரை ஈடாகுமா? பின்னர் புல் தளிர்க்கத் தொடங்கியதும்தான் தீவனத்தை நிறுத்தினார்கள்.

"1960களில் மண்டபத்தில் ஒரு ஜோடியை வளர்க்கவில்லையா?" என்று கேட்கிறார்கள். வளர்த்தோம்; குட்டி எங்கே? உலகில் எந்தத் தொட்டியிலும் ஆவுளியா இனம் பெருக்கியதில்லை. அந்த வாதத்துக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை. குழந்தைகள் பார்க்க வேண்டுமாம். பார்க்கட்டும், திரையில் பார்க்கட்டும். வேடிக்கைக்காக ஓர் உயிரின் குடலைக் குலைக்க எவருக்கும் உரிமை கிடையாது.

இழுவைமடி கடற்புல் தரையை உழுதுகொண்டே இருக்கிறது. முதலில் அதைத் தடுங்கள். புல் அழிந்த இடத்தில் புல் நடுங்கள். சிக்கிய ஆவுளியாவுக்காகத் தன் வலையையே அறுத்துவிடும் மீனவருக்கு, வலையின் விலையைத் தாமதமின்றிக் கொடுங்கள். மையத்துக்கு ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயும் கடலுக்குள் போகட்டும். தொட்டியில் முதல் ஆவுளியா இறங்கும் நாள், பாக் விரிகுடாவை நாம் கைகழுவிய நாள்.