தொப்பி ஓட்டுக்கும் சாட்சி உண்டு

“லிம்பெட் நத்தையின் ஓடு வெறும் தொப்பி. கரைப் பாறையிலிருந்து உருண்டு ஆழத்தில் விழுந்திருக்கும், அதை வைத்து, கடலடி மீத்தேன் கசிவில் வாழ்ந்த நத்தை என்று கதை கட்டுகிறார்கள்” என்கிறார் நண்பர். பாதி சரி. தொப்பி வடிவம் நத்தைகளில் பலமுறை தனித்தனியே தோன்றியது. வடிவத்தை மட்டும் நம்பிப் பெயர் வைத்தவர்கள் ஏமாந்ததும் உண்டு.

மற்ற பாதிக்கு ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் போகவேண்டும். நகாகாவா பகுதியின் கிரெட்டேசியஸ் கால மீத்தேன் கசிவுப் படிவில் கிடைத்த லிம்பெட்டுகளை 2007இல் விவரித்தார்கள். அவற்றில் ஒரு வகை, இருபுறமும் அமுக்கிப் பிடித்ததுபோல ஒடுங்கியது. இன்றைய செர்ராடோன்டா என்ற லிம்பெட்டின் அதே சாயல். செர்ராடோன்டா ஆழ்கடல் குழாய்ப்புழுவின் குழாய்மேல் ஒட்டி வாழ்வது. குழாயின் அகலத்தைத் தாண்டி ஓடு விரிய இடமில்லை.

கடற்புல் இலையில் வாழும் லிம்பெட்டும் ஒடுங்கியதுதானே என்பார் நண்பர். ஆமாம், ஒடுங்கியதுதான். ஆனால் நகாகாவாவில் இருப்பது மீத்தேனின் கரிமம் கலந்து உறைந்த சுண்ணாம்பு. அதில் புழுக்குழாய்கள் கொத்துக் கொத்தாக நிற்கின்றன. அந்த ஆழத்தில் கடற்புல்லுக்கு ஏது வெளிச்சம்? உருண்டு வந்த ஓடு தனக்குப் பொருத்தமான குழாயையும் கையோடு உருட்டி வந்ததா?