விஞ்ஞானப் பட்டம் இரண்டாந்தரப் பரிசோ?

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளிவரும் காலத்தில் எமது ஊர்களில் விசித்திரமானதொரு துக்கம் பரவுவதுண்டு. தோல்வியுற்ற பிள்ளையின் வீட்டில் மட்டுமன்று, பல்கலைக்கழகம் புகத் தகுதி பெற்ற பிள்ளையின் வீட்டிலும் அது குடிகொள்கிறது. வைத்தியமும் பொறியியலும் கைநழுவின. “விஞ்ஞானந்தான் கிடைத்தது” என்று பெற்றோர் தலை குனிகின்றனர். அந்தத் “தான்” என்னும் சொல்லையே நாம் இன்று கண்டிக்க முற்படுகிறோம்.

இந்த இடம் எளிதில் வந்ததன்று. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்னும் பெயரால், தமிழில் பரீட்சை எழுதிய பிள்ளைகளிடம் கூடுதலான புள்ளிகள் கேட்கப்பட்டன. அவ்வநீதி கண்டு ஒரு தலைமுறையே கொதித்தெழுந்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அன்று போராடிக் கேட்ட இடத்தை இன்று நாமே இழித்துரைத்தல் முறையாகுமா?

விஞ்ஞானப் பட்டம் என்பது யாது? பௌதிகம், இரசாயனம், கணிதம், தாவரவியல், விலங்கியல் முதலியவற்றுள் மூன்று பாடங்களை மூன்றாண்டுகள் கற்றுப் பெறுவது பொதுப் பட்டம். தேர்ந்தெடுக்கப்பட்டோர் நான்காண்டுகள் பயின்று, ஒரு துறையில் ஆழ்ந்து, தாமே ஓர் ஆராய்ச்சியையும் நடத்திப் பெறுவது சிறப்புப் பட்டம். விரிவுரை, ஆய்வுகூடச் செய்முறை, தனிப்படிப்பு யாவும் சேர்த்து, ஓராண்டுக் கல்வி 1500 மணிநேர உழைப்பாக இந்நாட்டில் கணிக்கப்படுகிறது. அளந்தறியாத எதனையும் நம்பாதே என்பதே இவ்வுழைப்பின் முதற் பாடம். இத்தகைய பயிற்சியைச் சிறிதென்பார் அதனை அறியாதாரேயாவர்.

அப்பயிற்சி எமக்கு எதற்கு என்று கமக்காரர் கேட்கலாம். அவர்தம் கிணறே விடை கூறும். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீராகத் தங்குகிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். அளவுக்கு மிஞ்சிப் பசளையிட்டால் நைத்திரேற்று குடிநீரிற் கலக்கும். ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. எங்கள் கிணறு எல்லைக்குள் நிற்கிறதா என்பதைக் கண்ணாற் கண்டோ நாவாற் சுவைத்தோ அறிய முடியாது. இரசாயனம் கற்றவனே அளந்து சொல்ல வேண்டும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டு, பயிர்கள் வாடிய பின்னர் அவ்வாண்டிலேயே அத்தடை தளர்த்தப்பட்டது. மண்ணையறிந்தார் சொல்லைக் கேளாது ஆள்வோர் ஆணையிட்டால், அதன் நட்டம் வயலிலேதான் விழும்.

ஆயினும் குறைகள் உள. பதின்மூன்று ஆண்டுகள் தமிழிற் கற்ற பிள்ளை, பல்கலைக்கழகம் புகுந்ததும் ஆங்கில விரிவுரையின் முன் திகைத்து நிற்கிறது. செய்முறையைப் புத்தகத்திற் படித்தே உயர்தரம் எழுதும் பிள்ளைகளும் இருக்கின்றனர். பட்டம் பெற்ற பின்னரோ, “கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்ற பழைய மோகம் அவர்களை ஏதாவதொரு கந்தோரின் கோப்புகளிடையே அமர்த்திவிடுகிறது. நுணுக்குக்காட்டி பிடித்த கை முத்திரை குத்துவதோடு அமைதியடைவது சமுதாயத்துக்கு நட்டமேயாகும்.

எனவே நாம் வேண்டுவன மூன்று. உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழகப் பிரவேசத்துக்கும் இடைப்பட்ட மாதங்களிலே, கிராமந்தோறும் ஆங்கில வகுப்புகள் நடைபெறட்டும். அதற்குப் பழைய மாணவர் சங்கங்கள் முன்வரட்டும். வன்னியிலும் கிழக்கிலும் உள்ள பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் கிட்டுவதைத் தமிழ்ப் பிரதிநிதிகள் தம் தலையாய கடமையாகக் கொள்ளட்டும். சிறப்புப் பட்ட மாணவரின் ஆராய்ச்சி எமது கிணற்றையும் மண்ணையும் கடலையும் நாடட்டும். அதன் முடிவு கமக்காரருக்கும் மீனவருக்கும் விளங்கும் தமிழில் அவர்தம் சங்கங்களை எட்டட்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். வைத்தியர் நோயாளியைக் காப்பார். நோய் வராது நீரைக் காப்பவரும் எமக்கு வேண்டும். அடுத்த முறை உங்கள் பிள்ளைக்கு விஞ்ஞான பீடத்தில் இடம் கிடைத்தால், அந்தத் “தான்” என்னும் சொல்லை விட்டு, “விஞ்ஞானம் கிடைத்தது” என்று நிமிர்ந்து கூறுங்கள்.