கையொப்பத்துக்கு முன்

பெரிய முதலியார்சாவடிக் கடற்கரையில் பழைய படகு எஞ்சின் ஒன்று விலைக்கு வருமாயின், பணம் கொடுப்பவர் மட்டும் அதனைப் பார்ப்பதில்லை. நீர் நிரப்பிய பீப்பாயில் அடிப்பாகத்தை அமிழ்த்தி ஓடவிட்டு, அருகில் நின்று ஒலியைக் கேட்பவர் நாளை அதனொடு கடலேறப் போகின்றவரே. அவர் தலையசைத்த பின்னரே விலைப்பேச்சு. எம்மூர் வழக்கத்தை ஈண்டு எடுத்துரைத்தது, கல்விக்கூடங்கள் கருவி வாங்கும் முறையைப்பற்றிச் சில சொல்லும் விருப்பத்தால்.

எம்மூரினின்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தைக் காண்பர். 1985ஆம் ஆண்டுப் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்த மத்தியப் பல்கலைக்கழகம் அது. இத்தகைய கழகங்களின் கொள்முதலுக்கு வழிகாட்டுவன மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள். கணிப்பொறியாயினும் மென்பொருளாயினும் ஆய்வுக் கருவியாயினும், அதனை வேண்டுகின்ற துறையார் அதன் தன்மையையும் அளவையும் முதலில் எழுதித் தருதல் வேண்டும். 2016இல் தோன்றிய அரசாங்க மின்சந்தையில் அது கிடைக்குமாயின் அங்கேயே வாங்கல் வேண்டும். பெருந்தொகையாயின் டெண்டர் விளம்பரம் உண்டு, உறைகள் இரண்டு. ஒன்றில் பொருளின் தகுதி, மற்றொன்றில் விலை. முதலுறையில் தேறினவருடைய விலையுறைகளே பிரிக்கப்படும். அவருள் குறைந்த விலை கூறினவருக்கே ஆணை. தமிழ்நாட்டரசின் கொள்முதலுக்கென 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைச் சட்டம் உண்டு. குறைந்த விலையே அதற்கும் அடிப்படை.

குறைந்த விலை என்னும் விதியை இகழ்வார் பலர். யான் இகழேன். பொதுப்பணம் வேண்டியவர் கைக்கு வேண்டியபடி போகாதிருத்தற்கு இட்ட வேலி அது. வேலி பயிரைக் காக்கும். பயிர் நல்லதா என்று அது சொல்லாது. அதனைச் சொல்லவேண்டியது தகுதி உறையைப் பார்க்கும் குழு.

சிறு கொள்முதலுக்குரிய 155ஆம் விதியைப் படித்தபொழுது ஒரு சொல் என்னை நிறுத்திற்று. மூவர் கொண்ட குழு சந்தையை ஆராய்ந்து ஒரு சான்று எழுதிக் கையொப்பமிடல் வேண்டும். பொருள் வேண்டிய தரத்தது, விலை நடப்பு விலை, விற்போர் நம்பத்தக்கவர் என்பவற்றில் தாங்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் மனநிறைவுற்றதாக அச்சான்று கூறும். ‘தனித்தனியாக’ என்பதனைக் கவனிக்க. மற்றையிருவர் ஒப்பினர், ஆதலின் யானும் ஒப்பினேன் என்றற்கு அங்கே இடமில்லை. ஆயின், அவ்வாறு கையொப்பமிடுவோருள் எத்தனை பேர் அப்பொருளை ஒருமுறையேனும் இயக்கிப் பார்த்திருப்பர்?

என் அனுபவம் ஒன்று சொல்வேன். இடத்தின் பெயர் வேண்டா. ஒரு நூலகத்தில் மின்னூல் படிக்கும் மென்பொருள் புதிதாக வந்தது. ‘கொற்கை’ என்று தேடினேன். இல்லை என்றது. அச்சொல்லோ என் கண்ணெதிரே திறந்திருந்த பக்கத்தில் இருந்தது! பின்னர் விளங்கிற்று: அந்நூல் பழைய எழுத்துருவில் அமைந்தது. கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் ‘கொ’ அதனுள் பதிந்திருந்தது. யான் தட்டியதோ ககரம் முன்வரும் ஒருங்குறி. ஒருங்குறியைத் தமிழ்நாட்டரசு 2010இலேயே தரமாக ஏற்றுக்கொண்டது. ஆங்கில நூல்களில் அதே மென்பொருள் நொடியில் விடை தந்தது. வாங்குமுன் தமிழ் மாணவன் ஒருவனை ஐந்து நிமிடம் அதன்முன் உட்கார வைத்திருந்தால் போதும், குற்றம் வெளிப்பட்டிருக்கும்.

இஃது எளியோர்க்கு மட்டும் நேர்வதன்று. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2009இல் கிண்டில் டி.எக்ஸ். என்னும் கருவியைப் பாடநூலுக்கு ஈடாகச் சோதிக்கத் துணிந்தது. நூலை உரக்கப் படிக்கும் ஆற்றல் அக்கருவிக்கு உண்டு. ஆயினும் நூலைத் தெரிந்தெடுக்கும் பட்டியல் பேசவில்லை. பார்வையற்ற மாணவன் தன் நூலைத் தானே திறக்க இயலாதவனானான். பார்வையற்றோர் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2010 ஜனவரியில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. நம் நாட்டிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது; கணிப்பொறி சார்ந்த பொருள்களை அவர்களும் பயன்படுத்தற்குரிய ஐ.எஸ். 17802 என்னும் இந்தியத் தரம் 2021இல் வெளிவந்தது. அவற்றைத் தகுதி உறையில் ஒரு வினாவாக எழுதுவதற்குப் புதுச்சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் வெளியார் கணிப்பொறியில் தங்குமாயின், 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைந்து மற்றொரு வினாவும் எழுதலாம்.

நிற்க. தாமதம் என்பர். அஃது உண்மையான குறை. ஆராய்ச்சியாளர் கருவிக்குக் காத்துக் காத்து வருந்தியமையாலேயே 2025இல் மத்திய நிதி அமைச்சகம் ஆராய்ச்சிக் கொள்முதல் வரம்புகளை உயர்த்திற்று. துறைக்குழு வாங்கக்கூடிய உச்சத்தொகை 10 இலட்சத்தினின்று 25 இலட்சமாயிற்று. நன்றே. ஆனால் வரம்பு உயர்ந்தபொழுது அச்சான்றின் கனமும் உயர்ந்ததன்றோ? விலையுறை பிரிக்குமுன், தகுதி உறை பார்க்கும் அந்நாளிலேயே, பொருளை நாளை ஆளப்போகின்ற இருவரோ மூவரோ அதனை இயக்கிப் பார்க்கட்டும். ஒருவர் பார்வையற்றவராயிருத்தல் நன்று. அவர்கள் கண்டது சான்றோடு இணைக்கப்படட்டும். தேறினவற்றுள் குறைந்த விலையே வெல்லட்டும். வேலி நின்றபடி நிற்கும். விற்போர் மாணவரை மயக்கிவிடுவர் என்று ஆசிரியர் ஒருவர் என்னிடம் ஐயுற்றார். விலை இன்னும் உறைக்குள் இருக்கையில் மயக்குவதால் விற்போர் பெறும் ஊதியம் சிறிதே. மேலும், மயங்காத முதியோரையும் யான் அதிகம் கண்டதில்லை.

நம் கல்லூரிக்கு அடுத்த மென்பொருள் வரும்பொழுது தமிழ்த்துறையினின்று ஒருவரை அழைப்பார்களாயின், யான் மகிழ்ந்து வருவேன். கொற்கையைத் தட்டிப் பார்க்கச் சிறிது நேரமே வேண்டும்.